கபடியைவிடக் குகை ஆபத்தா?

"கேவிங் போகப்போறேன்மா" என்று சொன்னதும் அம்மா அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுத் திரும்பினாள். "கேவி கேவியா? யாருடி அழுதா?"

குகை என்று சொன்னால் சாமியார் ஞாபகம் வந்துவிடும் என்றுதான் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். அது அழுகையில் போய் முடிந்தது. சோஃபாவில் கிடந்த அண்ணன் விடவில்லை. "மா, இவ பொந்துக்குள்ள பூந்து அழப்போறாளாம். அதுக்கு லீவு வேற."

போன வருடம் அலுவலக நண்பர்களோடு மேகாலயா போயிருந்தேன். சுற்றுலாக்காரர்களுக்காக பல்பு மாட்டிய ஒரு குகை. கடைசி பல்பு தாண்டி ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அப்பால் இருட்டு. அந்த இருட்டிலிருந்து சில்லென்று காற்று முகத்தில் பட்டது. உள்ளே காற்று எங்கிருந்து வருகிறது? அப்படியென்றால் அங்கே இன்னொரு வாய் இருக்கிறதா? தாம்பரம் மின்சார ரயிலில் நசுங்கிக்கொண்டு நிற்கும்போதும் இதே கேள்விதான். பிறகு, ஹெல்மெட்டும் விளக்கும் கொடுத்துப் புதியவர்களை உள்ளே கூட்டிப்போகும் ஒரு குழு அங்கே இருப்பது தெரியவந்தது. அதற்கப்புறம் தூக்கம் ஏது? அம்மா சரி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

அம்மா நேராக விஷயத்துக்கு வந்தாள். "உங்கண்ணன் ஆடுற கபடியைவிட இது டேஞ்சரா, இல்லையா? அதைச் சொல்லு. அப்புறம் பாக்கலாம்."

அண்ணன் பெருங்களத்தூர் அணிக்கு ஆடுகிறான். ஒருமுறை தோள்பட்டை எலும்பு உடைந்திருக்கிறது. விரல் பிசகினால் தானே இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த ரெய்டுக்குப் போய்விடுவான். அந்த விரலை யாரும் எங்கேயும் எழுதி வைப்பதில்லை. குகைக்காரர்கள் அப்படியில்லை. வழுக்கி விழுந்தது, கல் உருண்டது, விளக்கு அணைந்தது, வழி தவறியது என்று எதையும் விடாமல் எழுதி இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். தொடர்ந்து படித்தால் குகைக்குள் போனவர்கள் எல்லாரும் தொலைந்துபோனதுபோல இருக்கும். ஒழுங்காகப் போய், ஒழுங்காக வந்து, டீ குடித்தவர்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கு எனக்குக் கிடைக்கவே இல்லை. தொகுதி இருக்கிறது, பகுதி காலி. இந்தப் பின்னத்தை எப்படிப் போடுவது? போட்டாலும், ஆளுக்கு இவ்வளவா, மணிக்கு இவ்வளவா? கபடி முக்கால் மணி நேரத்தில் முடியும். குகை என்றால் முழு நாள்.

எண்களை விட்டுவிட்டேன். ஒரே ஒரு சுளுக்கிய கணுக்காலை எடுத்து ஒவ்வொரு ஆட்டத்துக்குள்ளும் வைத்துப் பார்த்தேன். கபடியில் நாலு பேர் தூக்கி ஆட்டோவில் போட்டால், ஆட்டம் முடிவதற்குள் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏதாவது ஆஸ்பத்திரி வந்துவிடும். குரோம்பேட்டை பேட்மின்டன் கோர்ட்டில் ஐஸ் வைத்து உட்கார வைப்பார்கள். பம்மல் பக்கத்துக் கல்குவாரித் தண்ணீரில் பையன்கள் குதிக்கிறார்களே, அதை யாரும் விளையாட்டு என்றுகூடச் சொல்வதில்லை, ஆனால் அங்கே சுளுக்குவதற்கு முன்பே ஆள் போய்விடலாம். குகையிலும் அதே கணுக்கால்தான், அதே வீக்கம்தான். ஆனால் தவழ்ந்து போன சந்து வழியாகவே, ஈர உடையோடு, குளிரில் தவழ்ந்து திரும்ப வேண்டும். அடி சின்னது, வாசல்தான் தூரம்.

அம்மாவிடம் அப்படியே சொன்னேன். "அடிபடறது கபடிலதான் அதிகம்னு தோணுதுமா. ஆனா குகைல அடிபட்டா வெளிய வர்றது பெரும்பாடு."

"பாத்தியா, நான்தான் சேஃப்" என்றான் அண்ணன்.

"நீ கம்முனு இரு." அம்மா என் பக்கம் திரும்பினாள். "மழைக்காலத்துல மட்டும் போகாத. மே மாசம் போயிட்டு வா."

நாங்கள் இருக்கும் முடிச்சூரில் மழை என்றால் நவம்பர். ஆறு எங்கள் வீட்டுக்குள் வந்ததும் அந்தப் பருவத்தில்தான். மே மாதம் குழாயிலேயே தண்ணீர் இருக்காது, ஆபத்து எங்கிருந்து வரும்? எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

அனுமதி கிடைத்தபிறகும் படிப்பதை நிறுத்த முடியவில்லை. ஒன்று மட்டும் உறுத்தியது: விபத்துக் கதைகளில் தண்ணீர் திரும்பத் திரும்ப வந்தது. மேலே எங்கோ மழை பெய்யும், உள்ளே மட்டம் ஏறும். மேகாலயாவில் மழை எப்போது என்று பார்த்தேன். மே மாதத்திலேயே கொட்ட ஆரம்பித்துவிடுமாம். நவம்பரில் காய்ந்து கிடக்குமாம். சென்னை மழையை வைத்து மேகாலயாவுக்கு நாள் குறித்திருக்கிறோம்! குழுவுக்குப் போன் செய்தேன். மே மாதம் ஆற்றுக் குகைகளுக்குள் தாங்களே போவதில்லை, நவம்பரில் வாருங்கள் என்றார்கள்.

எங்கள் வீட்டில் அந்த மாதத்தின் பெயரை எப்படிச் சொல்வது? சொன்னேன்.

"நவம்பரா?" அம்மாவின் குரல் ஏறியது. "நவம்பர்ல உன்னைத் தெருமுனைக்கே அனுப்ப மாட்டேன்."

"அங்க அப்போ மழையே இல்லமா. மேல போனாத்தான் மாட்டிக்குவோம்."

"மேலன்னா?"

"மே மாசத்துலமா!"

அண்ணன் எழுந்து உட்கார்ந்தான். "அப்போ இன்னா, நாங்க இங்க முட்டிக்கால் தண்ணில நிப்போம், இவ அங்க குகைக்குள்ள ஜம்முனு காய்ஞ்சுகினு இருப்பா. இப்ப சொல்லுமா, யாருக்கு ரிஸ்க்?"

அவன் கிண்டலுக்குத்தான் சொன்னான். அம்மா சிரிக்கவில்லை. என் போனை வாங்கி, அந்த ஊரின் நவம்பர் மழையைத் தானே பார்த்தாள். பிறகு மே மாதத்தையும் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"சரி, போ. கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேந்து ஃப்ரிட்ஜை மாடிக்கு ஏத்திடுங்க."