கழற்றிப் பார்க்கிற நாக்கு

புதுப் பண்டம் எதுவானாலும் முதலில் முகர்வார். பிறகு கரண்டிக் காம்பால் லேசாகத் தட்டுவார், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்பதுபோல. அதற்குப் பிறகும் அது வாய்க்குப் போகும் என்று சொல்ல முடியாது.

லிஃப்ட் மெக்கானிக். மாதத்தில் இருபது நாள் வெளியூர். அவருடைய இரும்புப் பெட்டியில் மேல்தட்டில் ஸ்பானர், நடுத்தட்டில் கிரீஸ், அடித்தட்டில் ரஸ்க். பன்னிரண்டாம் மாடியில் லிஃப்ட் குழிக்குள் தலையை நீட்டிப் பார்க்கப் பயப்படாதவருக்கு, முன்பின் தெரியாத குழம்புக் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்க்கத்தான் பயம். ஓட்டலில் உட்கார்ந்ததும் கால் ஆடத் தொடங்கும். மெனு அட்டையை மூன்று தடவை திருப்புவார். கடைசியில், "சூடா பால் இருக்குமாண்ணே?" என்பார்.

"ஊரெல்லாம் சுத்துறீங்க, உங்க நாக்கு மட்டும் வீட்டு வாசப்படிய தாண்டலையே" என்பது மனைவியின் தீராத வியப்பு.

"எதையும் கழட்டிப் பாத்தாத்தான் எனக்கு நம்பிக்கை வரும்" என்பார் இவர். மோட்டாரைப் பிரிக்கும்போது செய்தித்தாளை விரித்து, கழற்றிய வரிசையிலேயே பாகங்களை வட்டமாக வைப்பார். கடைசியில் கழன்றது முதலில் ஏறும். முப்பது வருடத்தில் ஒரு நட்டுகூட மிஞ்சியதில்லை.

போன மாதம் வேலை விழுந்தது மகளைக் கட்டிக்கொடுத்த ஊரில். கல்யாணமாகி ஐந்து மாதம்தான். கிளம்புவதற்கு முந்தின நாளே மகள் போனில் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, உங்களுக்காக அத்தை ரெண்டு நாளா மெனக்கெடுறாங்க. அவங்க சமையலுக்கு நான் மூஞ்சிய சுளிச்சேன்னு ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்கு. நீங்களும் ஒதுக்கி வெச்சீங்க, தொலைஞ்சேன். என் மானம் உங்க கையிலதான்."

"கையில இருந்தா கவலையில்லையேம்மா. வாயிலல்லவா இருக்கு!"

சம்பந்தி வீட்டில் தட்டில் வந்தது, இலைபோல மடித்து வேகவைத்த ஒன்று. கருநீல நிறம். பரிச்சயமில்லாத வாசனை. மேசைக்கடியில் கால் ஆடியது. என்ன செய்யலாம் என்று அவர் யோசிப்பதற்குள் விரல்கள் பழக்கத்துக்குப் போய்விட்டன. மேல் மடிப்பு, உள் மடிப்பு, காய்த்துண்டு, பருப்பு, நடுவில் ஒளிந்திருந்த கறுப்புக் கொட்டை. எல்லாம் தட்டின் ஓரத்தில் வட்டமாக உட்கார்ந்தன. நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, மேசையில் யாரும் மெல்லவில்லை. மகள் தண்ணீர்ச் சொம்பும் கையுமாக அப்படியே நின்றிருந்தாள்.

"என்ன சம்பந்தி, ஏதாவது ரிப்பேரா?" என்றார் சம்பந்தியம்மா. சிரிப்பு உதட்டைத் தாண்டி வரவில்லை.

"ரிப்பேரெல்லாம் இல்லீங்க. நல்ல வேலைப்பாடு. இதோ, திரும்பப் பூட்டிடறேன்."

கொட்டையை முதலில் வாயில் போட்டார். மகளைப் பார்த்துக்கொண்டே மென்றார். பிறகு பருப்பு, காய், உள் மடிப்பு, மேல் மடிப்பு. ஒவ்வொரு வாயும் தொண்டையில், பழுதான லிஃப்ட்போல, ஒருமுறை நின்று யோசித்துவிட்டுத்தான் இறங்கியது. தட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. மகள் சொம்பைக் கீழே வைத்தாள்.

"அட, முழுசா சாப்பிட்டுட்டீங்களே! இன்னொண்ணு வைக்கட்டுமா?" என்றார் சம்பந்தியம்மா.

வலது கையால், இன்னொன்றுக்காகத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். மேசைக்கடியில் இடது கை, கால்சட்டைப் பையிலிருந்த ரஸ்க்கைப் பொடிப்பொடியாக நொறுக்கிக்கொண்டிருந்தது.