ஒரு கோடு நெயில் பாலிஷ்

இலஞ்சியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்று இருக்கிறது. மருமகள் தானே செய்தது. அன்று காலை அதன் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் சர்க்யூட் போர்டு கருகிப் போனது. உள்ளே தெருப் பெண்கள் நம்பிக் கொடுத்த நாட்டுக்கோழி முட்டைகள், ஓடு உடையும் தறுவாயில். சூடு குறைந்தாலும் போச்சு, கூடினாலும் போச்சு.

புது போர்டை வீட்டிலேயே செய்து முடிக்கும்வரை அந்த வேலையை எனக்குக் கொடுத்தாள். தெர்மாமீட்டரில் அவள் மையால் குறித்த இடத்துக்கு மேலே ஏறினால் சூடு கொடுக்கும் பல்பை அணைக்க வேண்டும். இறங்கினால் போட வேண்டும். பள்ளிக்கூடத்திலேயே ஒழுங்காக உட்காராதவளுக்கு இந்த வயதில் இப்படி ஒரு தண்டனை.

"அத்த, கண்ண அங்கன இங்கன திருப்பாதீங்க."

"ஒன் மொகத்தப் பாத்துக்கிட்டே இருக்க எனக்கென்ன வேண்டுதலா? வேலையப் பாருட்டி."

செம்பு ஒட்டிய அட்டையில் நீல பிலிமை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினாள். கரண்டு ஓட வேண்டிய கோடுகளை மட்டும் வெளிச்சம் புக விட்டு, மற்றதெல்லாம் கறுப்பாக அச்சடித்த கண்ணாடித்தாளை அதன்மேல் வைத்து வெயிலில் காட்டினாள். வெயில் பட்ட இடம் இறுகும், படாத இடம் சலவைச் சோடாத் தண்ணீரில் கரையும். பிறகு ஆசிட்டில் போட்டால், இறுகிய கோட்டுக்கு அடியில் உள்ள செம்பு மட்டும் தப்பும். ஆனால் பிலிம் பழசு. ஓரமெல்லாம் அப்பளமாகி இருந்தது. தென்காசியில் கிடைக்காது, சென்னையிலிருந்து வரும்வரை முட்டைகள் பொறுக்காது.

அதிலும் சாரல் காலம். போனில் நேரம் வைத்தாள். பாதி நேரம் குற்றாலத்து மேகம்தான் காய்ந்தது. சோடாத் தண்ணீரில் போட்டதும் கோடுகள் பாலாடைபோலக் கழன்று மிதந்தன.

மிச்சம் ஒரே துண்டு.

"இதுவும் போச்சுன்னா?" என்றேன்.

"பேசாதீங்க அத்த."

அதன் ஓரத்தில் துளி வெட்டிச் சோதித்துப் பார்த்தாள். பழசுக்குக் கூடுதல் வெயில் வேண்டுமாம். மேகம் வந்தபோதெல்லாம் அட்டையைத் துண்டால் மூடினாள், வெளுத்ததும் திறந்தாள். அங்கே அவள் மூடித் திறக்க, இங்கே நான் அணைத்துப் போட. பல்பு சுவிட்சில் என் விரல் மரத்துவிட்டது.

இரண்டாவது கழுவலில் பிலிம் கரைய மறுத்தது. அவள் பிரஷை எடுத்தாள்.

"அழுத்தித் தேய்க்காதட்டி! அது ஒம் மாமனார் வேட்டியில்ல!"

மெதுவாகத்தான் தேய்த்தாள். கோடுகள் தெளிந்தன. ஒன்று மட்டும் நடுவில் பொரிந்து உதிர்ந்தது. அவள் முகம் செத்துப்போனது. சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"அத்த, அந்த நெயில் பாலிஷ எங்கன வச்சிருக்கீங்க?"

"எந்த நெயில் பாலிஷு?"

"சேலையத் தழைய விட்டுக் கால மறைச்சா எனக்குத் தெரியாதாக்கும்?"

முட்டைகளைப் பார்த்தேன். மானத்தை விட்டேன். "அரிசி டப்பாவுக்குப் பின்னால."

தீக்குச்சி முனையில் தொட்டு, உதிர்ந்த இடத்தில் சிவப்பாக இழுத்தாள். காய்ந்ததும் ஆசிட்டில் போட்டாள். வெளியே எடுத்துக் கழுவி, பாலிஷைத் துடைத்தபோது அடியில் செம்பு அறுபடாமல் கிடந்தது.

துளை போட்டு, பாகங்களை ஈயத்தால் பற்றவைத்து, பெட்டியில் மாட்டினாள். தெர்மாமீட்டர் குறியைத் தாண்டியது. என் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

டக். பல்பு தானே அணைந்தது.

அந்த அமைதியில்தான் கேட்டது, ஒரு முட்டைக்குள்ளிருந்து கொத்தும் சத்தம்.