தண்ணியா போகுது

மலேசியாவில் ரந்தாவ் பக்கத்து எஸ்டேட்டுகளுக்கான சின்ன கிளினிக்கில் நான் தாதி, எல்லாருக்கும் ‘மிஸ்ஸி’. அந்த வாரம் லயத்து வீடுகளில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. உப்புச்சர்க்கரைப் பவுடரைக் கொடுத்துக் கொடுத்துக் கை சலித்திருந்த நேரம் தேவகி போன் செய்தாள். எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குபவள். முப்பத்தொரு வார கர்ப்பம்.

“மிஸ்ஸி, நேத்துலேர்ந்து தண்ணியா போகுது.”

“எத்தன தடவ?”

“நிக்கவே இல்ல மிஸ்ஸி.”

“வலி இருக்கா?”

“இல்ல.”

பவுடரைக் கரைத்துக் குடி, நாளைக்கு வா என்றேன். வரிசையில் இருந்த அடுத்த நோயாளியின் நம்பரைக் கூப்பிட்டேன்.

மறுநாள் கணவன் குமரன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினான். அவள் கைலியின் பின்பக்கம் முழுக்க ஈரம்.

“வயித்தால போறது நின்னுச்சா?”

“எனக்கு எங்க வயித்தால போச்சு?” என்றாள். “முன்னால போகுறதத்தான் சொன்னேன். பக்கத்துல மாமனார் உக்காந்திருந்தாரு. வேற எப்படிச் சொல்றது?”

பனிக்குடம் உடைந்து ஒன்றரை நாள்.  செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்தேன். பேட் வைத்து நிறமும் வாடையும் பார்த்தேன்: தெளிந்த நீர், கெட்ட வாடை இல்லை. காய்ச்சல் இல்லை. குழந்தையின் துடிப்பு நூற்று நாற்பத்தெட்டு. விரல் விட்டுச் சோதிக்கவில்லை. விரலோடு கிருமியும் போகும். டாக்டருக்குப் போன், பிறகு சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ்.

“இவ ஒன்னுக்குப் போறான்னு நெனச்சேன் மிஸ்ஸி. பாப்பாவுக்கு முன்னாடி உனக்குப் பேம்பர்ஸ் வாங்கணும்லான்னு கிண்டல் வேற பண்ணிட்டேன்” என்றான் குமரன். 

வார்டில் குழந்தையின் நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி, கிருமி பரவாமலிருக்க ஆன்டிபயாட்டிக், அப்புறம் காத்திருப்பு. ஐந்தாம் நாள் தேவகி என்னை அழைத்தாள்.

“தண்ணி நின்னுடுச்சு மிஸ்ஸி. வீட்டுல பெரிய பொண்ணு அழுவுறா. என்னை வீட்டுக்கு விடச் சொல்லி டாக்டர்கிட்ட நீங்க சொல்லுங்கலா.”

“நின்னுடுச்சுன்னா ஓட்டை அடைஞ்சிடுச்சுன்னு அர்த்தமில்ல. காய்ச்சல் வந்தா வீட்டுல யாருக்குத் தெரியும்?”

“உங்களுக்குப் போன் பண்றேன்.”

“போன்லதான் ஒரு தடவ தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன். வேணாம் தேவகி. அங்கயே இரு.”

 அவள் அங்கேயே இருந்தாள். இரண்டு நாள் கழித்துக் காலையில் காய்ச்சல் ஏறியது, குழந்தையின் துடிப்பும் எகிறியது. இனிக் காத்திருப்பது ஆபத்து என்று அன்று மதியமே பிரசவம் பார்த்தார்கள். பையன். ஒன்று புள்ளி ஏழு கிலோ. மூச்சுக்குச் சில நாள் மெஷின், ஐந்து வாரம் வார்டு, பிறகு வீடு.

நான் தொலைத்த அந்த ஒரு நாளால்தான் கிருமி ஏறியதா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். ஆறுதலுக்காகக்கூட ‘இல்லை’ என்று அவர் சொல்லவில்லை.

புதிதாக வரும் தாதிகளுக்கு: கர்ப்பிணி போன் செய்தால் வாரக்கணக்கைப் பிறகு கேளுங்கள். முதல் கேள்வி, “பக்கத்துல யாரும்மா இருக்கா?” ஆள் இருந்தால் “ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லு” என்று சொல்லிவிட்டு, வெட்கத்தை விட்டு ஒவ்வொன்றாக நீங்களே கேளுங்கள்: முன்னாலயா? பின்னாலயா?