எம், கே, அரைப்புள்ளி, கே, எச்

மகேந்திரராசா அண்ணனின் வீட்டுக் கணினிக்கு இலவச அன்டிவைரஸ் போட்டுக் கொடுத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசிவரை நல்லவன் வேஷம் போட்டே எழுதிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் இருவருக்கும் வேலை. நான் பன்விலத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கணினி பார்ப்பவன். அவர் வடக்கே அளவெட்டிக்காரர், தமிழ்த் தட்டெழுத்தாளர். எண்பத்து மூன்று கலவரத்தில் அவருடைய வாடகை அறையோடு சொந்தத் தட்டச்சு இயந்திரமும் எரிந்தது. மூன்று மாதத்தில் திரும்பி வந்து அதே மேசையில் உட்கார்ந்தாராம். பொய் மட்டும் அவருக்கு வராது. பிந்தி வந்தால் பிந்திய நிமிடத்தையே எழுதிக் கையெழுத்து வைப்பார். எங்களுக்கெல்லாம் அது பெரிய எரிச்சல்.

இரண்டாயிரத்து எட்டில் அவருடைய தாயார் ஊரில் காலமானார். போரினால் வடக்குப் பாதை பூட்டிக் கிடந்தது. விமானத்தில் போக அனுமதி கேட்டு எழுதினார், பதில் வரவில்லை. கொள்ளி வைக்க முடியாத மகனுக்கு மிஞ்சியது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குதான். அன்று வருகிறவர்களுக்குக் கொடுக்க, இறந்தவரின் வாழ்க்கையையும் வம்சத்தையும் பாட்டுகளையும் சிறு புத்தகமாக அச்சடிப்பார்கள். கல்வெட்டு என்பது அதற்குப் பெயர். அதையாவது தன் கையால் செய்ய வேண்டுமென்று கட்டுகஸ்தோட்டை வீட்டுக் கணினியில் அடிக்கத் தொடங்கினார்.

கணினியோ வைரஸ் பிடித்துத் தள்ளாடியது. நான் ஓர் இறுவட்டைக் கொண்டுபோய் அன்டிவைரஸைப் போட்டேன்.

"எதையாவது புடிச்சா இங்கிலீஸ்ல கேக்கும்ண்ணே. என்ன கேட்டாலும் யெஸ்னு அமுக்குங்க," என்றேன். அதை அப்படியே ஒரு துண்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்.

சனியன் பிடித்த சாமான், வைரஸை விட்டுவிட்டுத் தமிழ் எழுத்துருவைப் பிடித்தது. இதை அடைக்கட்டுமா என்று கேட்டது. அண்ணன் யெஸ் அழுத்தினார். அந்தக் காலத்து எழுத்துருக்களில் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து, மேலே தெரிவதுதான் தமிழ். எழுத்துரு போனால் தமிழும் போகும். அம்மா என்று அடித்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும்.

வியாழக்கிழமை இரண்டு தாள் அச்செடுத்துக் கொண்டுவந்து காட்டினார். "தம்பி, அம்மா இங்கிலீசாய்ப் போயிட்டா. ஒருக்கா வந்து பாருமன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "எழுத்து எங்கயும் போகலண்ணே. ஒரு பெட்டில போட்டு அடச்சி வச்சிருக்கும். ஞாயித்துக்கெழம வந்து எடுத்துத் தாறேன்."

சனிக்கிழமை காலையில் பொலிஸ் வீடு வீடாகச் சோதித்தது. பஸ்ஸில் குண்டு வெடித்த வாரம் அது. அண்ணனின் பைக்குள் அந்த இரண்டு தாளும் இருந்தன. ஒரு சொல்லும் வாசிக்க முடியாது; திகதிகள் மட்டும் தெளிவாக இருந்தன. அதில் ஒன்று, இனி வரப்போகும் திகதி.

"மேக்க கோட் எகக்த?" என்று அதிகாரி கேட்டாராம். இது சங்கேதமா என்று.

வேறு யாராக இருந்தாலும் இல்லை என்றிருப்பார்கள். இவர் யோசித்துப் பார்த்து, ஒருவகையில் ஆம், ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் பின்னால் ஒரு தமிழ் எழுத்து இருக்கிறது என்று நல்ல சிங்களத்தில் விளக்கியிருக்கிறார். அந்தத் திகதியில் என்ன நடக்கும் என்றார்கள். நிறையப் பேர் வருவார்கள் என்றார். அதுவும் உண்மைதான். ஜீப்பில் ஏற்றினார்கள், கணினியையும் சேர்த்து.

அவருடைய மனைவி கமலாசனி அக்கா அன்றைக்கே என்னிடம் வந்தார். "தம்பி, நீர் வந்து அந்த எழுத்தைத் திருப்பிக் காட்டினால் அவங்களுக்கு விளங்கும். அந்தியேட்டிக்கு இன்னும் பன்ரெண்டு நாள் கிடக்கு."

"வர்றேன்க்கா," என்றேன்.

திங்கட்கிழமை பொலிஸ் நிலையத்துக்கு எதிரே போய் நின்றேன். வாசலில் துவக்கோடு நின்றவன் என்னைப் பார்த்தான். சங்கேதம் அடித்தவரைப் பிடித்தவர்கள், அதைத் திறக்கத் தெரிந்தவனை விடுவார்களா என்று நினைத்தேன். எதிர்க் கடையில் ஒரு பிளேன்டி குடித்துவிட்டு, வீட்டுக்குத் திரும்ப வத்தேகம பஸ்ஸில் ஏறினேன். என்னை உள்ளே விடவில்லை என்று அக்காவிடம் சொன்னேன். எனக்குப் பொய் நன்றாக வரும்.

ஐம்பத்திரண்டு நாள் வைத்திருந்தார்கள். முப்பத்தோராம் நாள் அவரும் இல்லாமல், கல்வெட்டும் இல்லாமல் போனது. கடைசியில் குற்றம் எதுவும் இல்லை என்று ஆளையும் கணினியையும் திருப்பி அனுப்பினார்கள். பார்க்கப் போனேன். அண்ணன் மெலிந்து கறுத்துக் கதிரையில் இருந்தார்.

"உம்மை உள்ளுக்கு விடேல்லையாம்," என்றார்.

"ஆமாண்ணே."

"பரவாயில்லை. இப்ப ஒருக்கா அதை எடுத்துத் தாரும்."

கணினியைப் போட்டேன். மூலையில் அன்டிவைரஸின் பச்சை அடையாளம் வந்து, எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது என்றது. அடைத்து வைத்த பெட்டியைத் திறந்து எழுத்துருவை வெளியே எடுத்தேன். கோப்பைத் திறந்ததும் திரை முழுக்கத் தமிழ் வந்தது. தாயாரின் பெயர், திதி, பேரப்பிள்ளைகள், அந்தியேட்டித் திகதி, எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன.

அண்ணன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நிமிச வேலை," என்றார்.

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. தாயாரின் பெயரை ஒருமுறை வாய்விட்டு வாசித்துவிட்டுக் கணினியை நிற்பாட்டச் சொன்னார்.