ததேயுஸ் கொண்டுவந்த அமினோ டப்பா

அக்காள் புருஷன் ததேயுசை ஷிபாவுக்கு ஆரம்பத்திலிருந்தே ஆகாது என்று ஊரில் சொல்லுவார்கள். சுத்தப் பொய். துபாயிலிருந்து அவன் வரும்போதெல்லாம் வாசலில் முதல் ஆளாக நின்றவள் அவள்தான். வெறுப்பு 2010இல் வந்தது. வந்த பிறகு போகவில்லை.

ஷிபா பளுதூக்குகிறவள். மீன் விற்கும் வீட்டில் பிறந்து மாநிலப் பதக்கம் வரை வந்தவள். தேசியப் போட்டியிலும் ஒரு பதக்கம் அடித்துவிட்டால் ரயில்வேயில் வேலை என்று பேச்சு இருந்தது. கடும் பயிற்சிக்கு மறுநாள் தொடை கல்லாகி, படி ஏறவே முடியாது. தசை சீக்கிரம் தேற அமினோ அமிலப் பொடி குடி என்றார்கள் கூட்டாளிகள். பயிற்சியாளர் மட்டும், சீல் உடையாத டப்பா என்றால் தொடு, இல்லையென்றால் தொடாதே என்றார்.

உள்ளூர்க் கடைகளை நம்பாமல் அத்தானுக்குப் போன் செய்தாள். அவனும் கொண்டுவந்தான். மூடிக்குக் கீழே இருக்கவேண்டிய சீல் கிழிந்திருந்தது.

"கஸ்டம்ஸ்காரன் தொறந்து பாத்தான் மக்கா, நான் என்ன செய்ய?"

கடைக்காரன் இப்படிச் சொல்லியிருந்தால் டப்பாவை அவன் முகத்திலேயே எறிந்திருப்பாள். சொன்னது அத்தான். நம்பித் தொலைத்தாள்.

தேசியப் போட்டியில் வெண்கலம் கிடைத்தது. சிறுநீர்ச் சோதனையில் ஊக்கமருந்து தெரிந்தது. பதக்கத்தைப் பிடுங்கினார்கள், இரண்டு வருடம் தடை போட்டார்கள். பூசைக்குப் போனால் பக்கத்துப் பெண்கள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

அப்புறம்தான் அக்காள் சிந்தியா அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். "பெட்டிக்கு வெயிட் கூடிப்போச்சுன்னு ஏர்போர்ட்டுல ரெண்டு டப்பாவ ஒண்ணாக்கிட்டாருட்டீ. மத்தது அவருக்க மசில் பொடி, அந்த மருந்து அதுலதான் இருந்திருக்கு. எல்லாம் பொடிதானேன்னு நெனச்சிருக்காரு."

துபாய்ப் பெட்டி கட்டுகிறவன் சோப்பின் அட்டையைக்கூட உரித்து எடையைக் குறைப்பான். அந்தச் சாமர்த்தியம்தான் அவள் வாழ்க்கையில் மண்ணைப் போட்டது.

கலந்தவனே ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் தடையைக் குறைக்க வழியுண்டு என்றார் வக்கீல். அடுத்த லீவுக்கு வந்த ததேயுஸ், நாளைக்கு, மறுநாளைக்கு என்று இழுத்தடித்தான். திரும்பிப் போகும் நாளும் வந்தது. ஜெபம் முடிந்து, வாசலில் ஜீப் நின்றது.

"அத்தான், கலந்தது நீங்கதான்னு ஒரு கையெழுத்து. வேற ஒண்ணும் வேண்டாம்."

"எனக்க பேரு சர்க்கார் பேப்பர்ல வந்தா விசா போவும். நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவ, ஒனக்கு எதுக்குட்டீ ரயில்வே?"

"விடு மக்கா, அக்காளுக்க வாழ்க்கையப் பாரு" என்றாள் அம்மா.

ஷிபா குனிந்து அவனுடைய பெட்டியைப் பிடித்தாள். கருவாடும் மீன் ஊறுகாயும் அடைத்த, இரண்டு ஆள் தூக்கும் பெட்டி. வழக்கமாக ஜீப்பில் ஏற்றுவது அவள்தான். கோபம் ஆறிவிட்டது என்று நினைத்து, "பாத்தியளா எனக்க கொழுந்தியாள!" என்று இளித்தான் ததேயுஸ்.

பெட்டி நெஞ்சுக்கு வந்தது. அங்கிருந்து தலைக்கு மேலே போனது. கை நீட்டி அப்படியே நின்றாள். மேடையில் நடுவர் சைகை காட்டும்வரை பாரத்தைத் தாங்கியாக வேண்டும். காட்டியபின் கீழே போடலாம்.

அவன் இளிப்பு மறைந்தது. "எறக்குட்டீ!" என்று கத்தினான்.

கையை விட்டாள். உள்ளே பாட்டில்கள் நொறுங்கின. ஊறுகாய் எண்ணெய் அவனுடைய வெள்ளை பேண்ட் முழுக்கத் தெறித்தது.

"நீங்க சொன்ன பொறவுதான் எறக்கினேன், அத்தான்" என்றாள் ஷிபா.

கையெழுத்து கிடைக்கவில்லை. தடையில் ஒரு நாள்கூடக் குறையவில்லை.