அன்சார் கேட்ட பங்கு

நாகூரில் அன்சாரின் சொந்தபந்தத்தில் வீடு என்றால் அது பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கல்யாணம் முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்டாட்டி வீட்டுக்குப் போய்விட வேண்டும். அதற்கு முன்னால் கூடப்பிறந்தவளுக்கு ஒரு வீடும் கட்டிக் கொடுத்துவிட வேண்டும். அன்சார் கத்தாரில் ஏசி மெக்கானிக்காக வெயிலில் வெந்து தங்கை நஜ்மாவுக்கு வீடு கட்டினான். பிறகு, மாப்பிள்ளையாகப் போய் இறங்கிய சஃபியாவின் வீட்டிலும் சும்மா இருக்கமாட்டாமல் ஒரு மாடி எடுத்தான். மாடி அறைக்குப் பச்சை டைல்ஸ்தான் வேண்டும் என்று மகள் சபிஹா வீடியோ காலில் சொன்னாள். "சரிம்மா" என்றான்.

லீவுக்கு வந்து போகிற வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வேலையை விட்டு ஒரேயடியாக ஊர் வந்து சேர்ந்த பிறகுதான், புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்கவில்லை என்பது தெரியவந்தது. சோற்றில் தொடங்கிய சண்டை பள்ளிவாசல் ஜமாஅத்தின் பஞ்சாயத்தில் போய் நின்றது. பிரிவதில் இருவருக்கும் தகராறே இல்லை. பத்து வயது சபிஹா யாரிடம் இருப்பது என்பதில்தான் இழுபறி.

அன்சாருக்கு மகள் வேண்டும். ஆனால் கூட்டிக்கொண்டு போய் எங்கே வைப்பது? அவனே தங்கை வீட்டு முன்னறையில் பாய் விரித்துப் படுக்கிறவன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. யாரும் சொல்லிக்கொடுத்து வரவில்லை, தானாகவே வந்தது. பின்னால் அவனை அரித்துத் தின்றதும் அதுதான்.

"மாடி என் காசு. என் பங்கக் குடுக்கட்டும். முடியலன்னா புள்ளைய எங்கிட்ட விட்டுடட்டும்" என்றான் ஜமாஅத்தில்.

சஃபியாவிடம் காசு இல்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். வாப்பா கொடுத்த வீட்டை விடமாட்டாள், பிள்ளையைத்தான் விடுவாள் என்று நினைத்தான். அவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"வூட்ட வித்துத் தர்றேன். புள்ள எங்கிட்டதான் இருக்கும்."

சொன்னபடியே விற்றாள். பங்கு அவன் கைக்கு வந்தது. தாயும் மகளும் ரயிலடிப் பக்கம் ஒற்றை அறைக்கு வாடகைக்குப் போனார்கள்.

நஜ்மா அண்ணனுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "எனக்கு வூடு கட்டத்தான நானா நீங்க அங்க கெடந்து வெந்தீங்க. சபிஹாவுக்கு ஒரு வூடு தயாராவே இருந்துச்சு. அத நீங்களே விக்க வச்சிட்டீங்களே."

அன்சார் தட்டைத் தள்ளிவைத்தான். தாய்க்குப் பிறகு வீடு மகளுக்கு என்பது அவனுக்குத் தெரியாததா? ஆத்திரத்தில் அதை சஃபியாவின் வீடாக மட்டும்தான் பார்த்திருந்தான்.

வெள்ளிக்கிழமை மகளைப் பார்க்கிற நாள். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கடற்கரைக்கு அழைத்துப் போனான். சபிஹா சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் கேட்டாள்.

"வாப்பா, எனக்குக் கல்யாணம் ஆனா மாப்புள எங்க வந்து இருப்பாங்க?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பிள்ளை உண்மையிலேயே கவலைப்பட்டுக் கேட்டது. "பாத்துக்கலாம்மா" என்றான். அவள் முகத்தைப் பார்க்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் போய்ப் பழைய வீட்டின் கதவைத் தட்டினான். வாங்கியவர் மூஸா, துணிக்கடைக்காரர், தங்கமான மனிதர். உட்காரவைத்து சர்பத் கொடுத்தார். மாடியில் யாரோ சாமான் நகர்த்தும் சத்தம் கேட்டது.

"பாய், இந்த வூட்ட எனக்கே திருப்பிக் குடுத்துடுங்க. எங்கயாச்சும் கடன் வாங்கியாவது வாங்குன வெலைக்கு மேலயே தர்றேன். எம் மகளுக்கு வேணும்."

மூஸா சங்கடப்பட்டுப் போனார். "குடுத்திருப்பேன் தம்பி. மக பேருல எழுதிட்டேன். பெருநாள் கழிச்சு அதுக்கு நிக்காஹ். நீங்களே சொல்லுங்க, மகளுக்குன்னு குடுத்த வூட்ட எந்த வாப்பாவாச்சும் திருப்பிக் கேப்பானா?"

குத்திக்காட்டுகிற ஆள் இல்லை அவர். சாதாரணமாகத்தான் கேட்டார். அன்சார் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மாடிப்படியிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"வாப்பா, மேல அந்தப் பச்ச டைல்ஸ மாத்த வேணாம். எனக்குப் புடிச்சிருக்கு."

"சரிம்மா" என்றார் மூஸா.

அன்சார் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.