படிவத்தில் எழுதாத துண்டு

என் மனைவிக்குச் சிறுநீரகம் கொடுக்க நான் தயாராக இருந்தேன்; என் இரத்த வகைதான் அவளுக்குப் பொருந்தவில்லை. தர்மபுரத்தில் ஒரு பெண்ணுக்கும் இதே சிக்கல். அவருடையது அவர் கணவருக்குப் பொருந்தவில்லை. மாற்றிக் கொடுக்கலாம் என்றார் வைத்தியர்: என்னுடையது அந்தக் கணவருக்கு, அவருடையது என் மனைவிக்கு.

பழைய காயங்கள் உண்டா என்று படிவம் கேட்டது. இல்லை என்று எழுதினேன். ஸ்கானில், முதுகுத் தசைக்குள் யுத்த காலத்துச் செல் குண்டின் துண்டு ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது.

"இதை ஏன் மறைச்சனீங்கள்?" என்று வைத்தியர் கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆர் மறைச்சது? எங்கட பக்கம் எல்லாரிட்டையும் கிடக்கு. இதையெல்லாம் ஆர் காயமெண்டு சொல்லுறது?"

சிறுநீரகத்தில் படவில்லை, கொடுக்கலாம் என்றார் அவர். என் ஒருவனால் நாலு பேரின் காரியமும் கெட்டிருக்கும் என்பது அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. வெளியே வாங்கில் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருந்த அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன்.

அவர் மெதுவாகத் தன் இடுப்பைத் தடவிப் பார்த்தார்.

"அண்ணை, நான் குடுத்த படிவத்தை ஒருக்காத் திருப்பி வாங்கேலுமோ?"